குழுவில் சுற்றும் மன்னிப்புக் கடிதம்

போன வாரம் நம் வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதம் வந்தது. பார்த்திருப்பீர்கள். "பதிப்புரிமை விவகாரம், மன்னிப்புக் கடிதம், மாதிரி" என்று தலைப்புப் போட்டு, பெயர் இருந்த இடங்களையெல்லாம் கறுப்பாக அடித்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல். "சூப்பர் டிராஃப்ட், யூஸ் பண்ணிக்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் போனைத் தூக்கி சோபாவில் எறிந்தேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, அதான் வயித்தெரிச்சல்" என்றேன்.

நான் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. எப்போதாவது சங்கக் கட்டடத்துப் பக்கம் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, "சார், ஒங்க அனுபவத்துல ஏதாச்சும் சொல்லுங்க" என்கிறீர்கள். ஜெயித்த வழக்கையே சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இன்றைக்கு அந்தக் கடிதத்தின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் நிலத்து வக்கீல். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பாதைத் தகராறு. முப்பத்தெட்டு வருடம் இதுதான். என் சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கட்சிக்காரர் வாயைத் திறந்ததும் கையை நீட்ட வேண்டும் என்பது. "பத்திரம் இருக்கா? அதக் குடு மொதல்ல" என்பார். இல்லை என்றால் அவர் பேனாவை மூடிவிடுவார். மனிதன் பொய் சொல்வான், பதிவு அலுவலகத்து முத்திரை பொய் சொல்லாது என்று நம்பினார். நானும் நம்பினேன். நிலத்து வழக்கில் அது பல நேரம் சரியாகவே வரும். அதனால்தான் நான் கெட்டேன்.

விஜயராணி என்று ஒரு பெண். அன்னவாசலில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் எடுப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய ஊர் கட்டுமாவடி, அங்கேயும் டியூஷன்தான். பள்ளிக்கூடத்தில் "இது தேறாது" என்று ஒதுக்கிவிட்ட பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அவர்களுக்காக ஒரு கணக்குப் புத்தகம் தானே எழுதி, ஜெராக்ஸ் போட்டு, மஞ்சள் அட்டை ஒட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் திருத்துவார், கொஞ்சம் சேர்ப்பார். பிள்ளைகள் அதை மஞ்சப்புக்கு என்பார்கள். பத்துப் பதினோரு வருடத்து வேலை அது.

ஒரு டிசம்பர் மாதம் மத்தியானம் அவர் புதுக்கோட்டையில் என் ஆபீசுக்கு வந்தார். சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவே இல்லை. முந்தின நாள் நடந்தது இது: கைடு போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து இரண்டு ஆட்கள் அவர் டியூஷன் நடக்கும் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சான்றிதழைத் தூக்கிக் காட்டி, "இது எங்க முதலாளி எழுதுன புஸ்தகம், டில்லியில பதிவு பண்ணியாச்சு. இந்தம்மா திருடி ஜெராக்ஸ் போட்டு விக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கையிலிருந்த மஞ்சள் புத்தகங்களைப் பிடுங்கிச் சாக்கில் போட்டிருக்கிறார்கள். ஒருவன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தானாம். ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் போலீஸ் கேஸ், ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அவங்க புஸ்தகத்தையும் வாங்கிப் பாத்தேன் சார். அத்தனையும் என்னோட கணக்கு. மேல அட்டைய மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை நீட்டினேன்.

"நீங்க ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல சார். அதெல்லாம் பண்ணணும்னு எனக்குத் தெரியாது."

"அவங்க பண்ணியிருக்காங்க."

"ஆனா எழுதுனது நான் சார்."

"யாரு எழுதுனாங்கங்குறது பேச்சு இல்லம்மா. யாரு பேருல பதிவாகியிருக்குங்குறதுதான் பேச்சு."

இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு ஐயமும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. பதிப்புரிமைச் சட்டம் என்று ஒரு புத்தகம் என் அலமாரியிலேயே இல்லை. இணையத்தில் தட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பாதை வழக்குக் கட்சிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது ஏழு நிமிடம், எட்டு நிமிடம் இருக்கலாம். நிலம் என்றால் இரண்டு தடவை இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

"கேஸ் ஆகாமப் பாத்துக்குறதுதான் புத்திசாலித்தனம். எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று சொல்லி அங்கேயே கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்தேன். நீங்கள் கட்டைவிரல் தூக்கிக் காட்டினீர்களே, அந்தக் கடிதம்தான். "தங்களுக்குச் சொந்தமான கணக்குகளை அறியாமையால் பிரதி எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். இனி எக்காலத்திலும் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." எழுதி முடித்ததும் எனக்கு ஒரு திருப்தி வேறு. எதிராளி பேச இடமில்லாமல் வளைத்து எழுதிவிட்டோம் என்று.

அவர் படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, "அறியாமையாலன்னு போட்டிருக்கே சார். நான் அறிஞ்சுதானே எழுதுனேன்? ஒவ்வொரு கணக்கும் எந்தப் புள்ளைக்காக எழுதுனேன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கே" என்றார்.

"அதெல்லாம் சட்டப் பாஷைம்மா. போடுங்க கையெழுத்த."

போட்டார்.

பதிப்பகத்துக்குப் போன பத்து நாளில் அந்தக் கடிதம் படமாக மாவட்டத்து ஆசிரியர்கள் குழுக்களிலெல்லாம் சுற்றியது. அவர் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் அப்படியே தெரியும்படி. "திருடி மாட்டிய டியூஷன் டீச்சர்" என்று தலைப்பு. அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மார்க்கெட்டில் அவரைப் பார்த்த ஒரு பெற்றோர், "ஏம்மா, கைடுல இருக்குறத ஜெராக்ஸ் போட்டுத்தான் எம்புள்ளைக்கி இம்புட்டு நாளும் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டிருக்கிறார். வராமல் நின்றவர்கள் போக மிச்சமிருந்த எட்டுப் பேருக்கும் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அவர்களுக்குத் தன் கணக்கைத் தானே கொடுக்க முடியாது. கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்றே! எழுத வைத்த மகராசன் நான்.

ஜனவரியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை கேட்காமலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். சட்டத்தை முழுதாகப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு சந்தேகம் சார். பதிவு பண்ணாட்டி உரிமை இல்லன்னு சொன்னீங்கள்ல, அது எந்தப் பிரிவுல இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியும் சார். ஆனா எம்புள்ளைங்க விடைய மட்டும் எழுதிட்டு வந்தா நான் மார்க் போட மாட்டேன். ஸ்டெப்பக் காட்டுன்னு கேப்பேன். ஒங்ககிட்டயும் அதத்தான் கேக்குறேன். ஸ்டெப்பக் காட்டுங்க."

அந்தக் காகிதங்களை எடுத்தேன். அவர் எதிரிலேயே படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகிக்கொண்டே போனது. ஒருவர் ஒன்றை எழுதிய அந்த நிமிடமே உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும். பதிவுச் சான்றிதழ் என்பது ஒரு சாட்சியம். எதிர்ச்சாட்சியம் வந்தால் அடிபட்டுப் போகும் சாட்சியம். அவ்வளவுதான். அது பட்டா ஆகாது, பத்திரம் ஆகாது. இன்னொரு பிரிவைப் பார்த்தேன். இப்படிப்பட்ட வழக்கை எழுதியவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அதாவது என் ஆபீசிலிருந்து நடந்து போகும் தூரத்தில். இந்த அம்மாவுக்கு முதல் நாளே கதவு திறந்துதான் இருந்தது. நடுவில் நின்று சாத்தியவன் நான்.

அந்தப் பதிப்பகத்துக்காரன் எப்படிப் பதிவு வாங்கினான் என்றும் பிறகு பார்த்தோம். விண்ணப்பத்தில் "எழுதியவர்" என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருக்கிறான். முடிந்தது வேலை. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று முப்பது நாள் விடுவார்கள். யார் சொல்வது? அன்னவாசலில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண், தன் பெயரை யாராவது அழிக்கிறார்களா என்று டில்லி இணையதளத்தைத் தினமும் காலையில் திறந்து பார்த்துவிட்டுத்தான் உலை வைக்க வேண்டுமா? ஏமாற்றுகிறவனுக்கு எந்த ஜன்னலில் எந்தப் படிவம் என்று தெரிகிறது. உழைக்கிறவர்களுக்கு அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே தெரிவதில்லை. தெரிந்து சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் என்ன லட்சணத்தில் இருக்கிறோம் என்பதற்கு நானே சாட்சி.

வழக்குப் போட்டோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். "சரி சார், அடுத்த ஸ்டெப்பச் சொல்லுங்க" என்றார்.

எழுதியது இவர்தான் என்று காட்ட வேண்டும். பழைய மஞ்சள் புத்தகங்கள் கொஞ்சம் கிடைத்தன. ஆனால் ஜெராக்ஸ் தாளில் தேதி ஏது? பின்னால் போட்டுத் தயார் செய்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அப்போதுதான் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் ஜூனியர் பெண், இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "சார், இந்த 'உன் கணக்கு'ன்னு கட்டம் கட்டியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

விஜயராணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவார். தலைப்பு, "உன் கணக்கு". அந்தப் பாடத்தை வைத்துப் பிள்ளை தன் வீட்டிலிருந்து ஒரு கணக்கைத் தானே உண்டாக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதைப் போட வேண்டும். நல்ல கணக்காக இருந்தால் அடுத்த வருடப் புத்தகத்தில் அது அச்சாகும், கீழே அந்தப் பிள்ளையின் பெயரோடும் ஊரோடும். "கணக்குல பெயிலான புள்ள சார், தன் பேரு புஸ்தகத்துல வரும்னா எப்புடி உக்காந்து யோசிக்கும் தெரியுமா?" என்றார். அப்படிப் பன்னிரண்டு கணக்குகள் சேர்ந்திருந்தன. பதிப்பகத்துக்காரன் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பெயரையும் நீக்கியிருந்தான்.

அதில் ஒன்று ரோஸ்லின் என்ற பெண்ணுடையது. கட்டுமாவடிக்காரி, அப்போது திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தார். அப்பா படகு வைத்திருப்பவர். பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் அந்த வீட்டில் அவர்தான் என்பதால், அந்த வருடத்து நோட்டையெல்லாம் அம்மா பீரோவில் பூட்டி வைத்திருந்தார். நோட்டில் ரோஸ்லின் கையெழுத்தில் அந்தக் கணக்கு இருந்தது. பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மை டிக்கும் தேதியும். பதிப்பகத்தின் பதிவுக்கு நாலு வருடம் முந்தைய தேதி.

கணக்கு இதுதான். அப்பா ஆறு பார் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறார். ஒரு மணி நேரத்துக்குக் கால் பார் கரையும். மீன் கெடாமல் இருக்க இரண்டு பாராவது மிச்சம் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் அவர் கரைக்குத் திரும்ப வேண்டும்? பதினாறு மணி நேரம் என்று விடை வரும்.

வழக்கு சாட்சிக்கு வந்தபோது பதிப்பகத்து முதலாளி கூண்டில் ஏறி, எல்லாக் கணக்கும் தன் சொந்தச் சிந்தனை என்று சத்தியம் செய்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் புத்தகத்தில் ரோஸ்லினின் அப்பா போய் ஒரு லாரி வந்திருந்தது. ஆறு பார் ஐஸ் ஏற்றிய லாரி. மற்றதெல்லாம் அப்படியே. என் ஜூனியர் அதை வாசித்துவிட்டு, "லாரி எத்தனை மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும்னு போட்டிருக்கீங்க. லாரி எந்தக் கரைக்குங்க திரும்புது?" என்று கேட்டார்.

அந்த மனிதர் கண் சிமிட்டாமல், "ஏரிக்கரைக்கு" என்றார்.

பின்பெஞ்சில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பார்னா என்னங்க?"

"அது ஒரு அளவு."

"எவ்வளவு?"

பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், மறுபடி செருகிக்கொண்டார். அன்றைக்கே ரோஸ்லினை ஏற்றினோம். அதே கேள்வி. "ரெண்டு ஆளு சேந்து தூக்குற ஐஸ் கட்டிங்க. ஒரு ஆளு தூக்குனா நடு முதுகு புடிச்சுக்கும், எங்கப்பாவுக்குப் புடிச்சிருக்கு" என்று கையை விரித்துக் காட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சாதாரணப்பட்டவர் இல்லை. எழுந்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இந்தக் கணக்க எழுதுனது நீங்க. ஒங்க டீச்சர் இல்ல. ஒங்க கணக்க எடுத்துத் தன் புஸ்தகத்துல போட்டுக்கிட்டாங்க. அப்ப அவங்களும் திருடிதானே?"

ரோஸ்லின் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "டீச்சர் கேட்டாங்க, நான் குடுத்தேன். அடியில ரோஸ்லின், கட்டுமாவடின்னு எம்பேரப் போட்டாங்க. ஒங்காளு எங்கிட்டக் கேக்கவும் இல்ல, இருந்த பேரையும் எடுத்துட்டாரு. இதுல திருடுனது யாருன்னு ஒங்களுக்கே தெரியும் சார்."

இத்தோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலிடம் கடைசியாக ஒரு காகிதம் இருந்தது. என் கடிதம். "இத்தனை பேசுறாங்களே, இந்தக் கையெழுத்து யாரோடது? தங்களுக்குச் சொந்தமான கணக்குகள்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்களே, மிரட்டி வாங்குனோமா? இவங்க வக்கீலோட ஆபீசுல டைப் அடிச்சு வந்த கடிதம்தானே?" என்றார். உண்மைதானே! நோட்டு, ரோஸ்லின், லாரி எல்லாம் ஒரு பக்கம். விஜயராணியின் கையெழுத்து ஒரு பக்கம்.

சாயங்காலம் ஆபீசில் என் ஜூனியர் மெதுவாக ஆரம்பித்தார். "சார், அந்த லெட்டர நீங்கதான் எழுதுனீங்க, நீங்க சொன்னதால அவங்க கையெழுத்துப் போட்டாங்கன்னு யாராவது சொல்லணும். சொல்லக்கூடிய ஆளு ஒரே ஆளுதான். நீங்க வக்காலத்த விட்டுட்டுக் கூண்டுல ஏறணும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக எழுதினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். நேற்றுச் சட்டம் படித்த பொண்ணு எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றேன். முப்பத்தெட்டு வருடம் நான் எதிர்த்து நின்ற ஆட்கள் முன்னால், நான் குறுக்கு விசாரணை செய்த அதே கூண்டில் ஏறி, எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல வேண்டுமா என்றேன். அந்தப் பெண் கேஸ் கட்டை என் மேசையில் வைத்துவிட்டு கீரனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் கோபம் முழுதும் அந்தப் பெண் மேல்தான். நாலாம் நாள் விஜயராணி வந்தார். ஜூனியர் அவரிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"அதெல்லாம் வேணாம் சார். நீங்க ஏற வேணாம்" என்றார்.

"ஏம்மா?"

"ஊர்ல ஒங்களுக்கு ஒரு பேரு இருக்கு. அது கெட்டுரும். ஒரு தடவ கெட்டுச்சுன்னா அப்பறம் எடுக்க முடியாது சார், எனக்குத் தெரியும்."

அந்த அம்மா குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காகக் கவலைப்பட்டுச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. அவர் பெயரை ஏழு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். என் பெயருக்காக அவர் தன் வழக்கையே விடத் தயாராக வந்து நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வக்காலத்து மாத்துற மனுவுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றேன்.

கூண்டில் ஏறினேன். கட்சிக்காரர் வக்கீலிடம் பேசியதை வெளியே சொல்ல அவருடைய சம்மதம் வேண்டும்; அதை அவர் எழுத்தில் கொடுத்திருந்தார். கோர்ட் நிறைந்திருந்தது. நிலத்து வழக்குக்கு வந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். என் ஜூனியர்தான் கேள்வி கேட்டார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என்னோடு இருபது வருடம் ஒரே மேசையில் டீ குடித்தவர்.

"எத்தனை வருஷமா பிராக்டீஸ் பண்றீங்க?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு வருஷ வக்கீலுக்கு இந்தச் சட்டம் தெரியாதுன்னு கோர்ட்டை நம்பச் சொல்றீங்களா?"

"ஆமா. தெரியாது. படிக்கவும் இல்ல. படிக்காமலேயே தெரிஞ்ச மாதிரி பேசுனேன்."

"கடிதத்துல 'அறியாமையால்'னு இருக்கு. யாரோட அறியாமை?"

"என்னோடது. அந்த வார்த்தை எதுக்குன்னு அவங்க அன்னைக்கே கேட்டாங்க. நான்தான் வாயை மூடிட்டுப் போடச் சொன்னேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வராந்தாவில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் எனக்கு வர வேண்டிய கட்சிக்காரர்கள் பலர் வரவில்லை என்பதும் உண்மை. வராமல் போகட்டும்.

தீர்ப்பு விஜயராணிக்குச் சாதகமாக வந்தது. எழுதியவர் அவர்தான், அந்தப் பன்னிரண்டும் அந்தந்தப் பிள்ளைகளுடையது, பதிப்பகம் விற்கக் கூடாது. டில்லிப் பதிவேட்டைத் திருத்த மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனது தனிக் கதை, அதுவும் முடிந்தது. பிறகு தன் புத்தகத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவரே படிவத்தைக் கொண்டுவந்தார். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் பன்னிரண்டு பிள்ளைகள் பெயரையும் போட்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்க வேண்டுமே, ஒருவன் துபாயில் இருக்கிறான், ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், எதற்கு இந்தத் தலைவலி என்று நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு கடிதமும் வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

ஆனால் தீர்ப்பின் நகலை எந்தக் குழுவிலும் யாரும் போடவில்லை. அந்தக் கடிதத்தைத்தான் போடுகிறார்கள். இப்போதும் எங்கோ ஒரு ஆசிரியர் குழுவில் பெயரோடு வருகிறது. யாராவது பார்த்துவிட்டு அவருக்குப் போன் போட்டு, "இது நீங்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். போன வாரம் நம் குழுவுக்கும் வந்துவிட்டது, பெயரை அடித்து, நல்ல மாதிரி என்று. நாளைக்கு உங்களில் ஒருவர் முன்னால் இன்னொரு விஜயராணி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உங்களுக்கும் வெளியே பெஞ்சில் ஆள் காத்திருக்கும். போனைத் திறந்து, கறுப்படித்த இடத்தில் அவர் பெயரை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள். ஏழு நிமிடம்கூட ஆகாது.

அதை அனுப்பிய தம்பியைத் திட்ட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அழிக்கச் சொல்லலாம், அழித்தாலும் இன்னும் ஐம்பது போனில் இருக்கும். அதனால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இனி அந்தக் கடிதத்தை யாருக்கு அனுப்பினாலும் பெயர் இல்லாமல் அனுப்பாதீர்கள். ரோஸ்லினின் கணக்குக்கு அடியில் டீச்சர் போட்டாரே, அதே மாதிரி அடியில் போடுங்கள்: எழுதியவர் என்று என் பெயர், புதுக்கோட்டை. என்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டாம், இதுவே எழுத்து மூலமான சம்மதம்.